குவார்ட்ஸ் கல், மணல் மூட்டை, வெள்ளைத் தூசு: சிலிக்கா ஏன் ஆபத்தானது?

புது பிடிஓ வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் பலர் முதலில் பார்க்கப் போவது சமையலறை மேடைக்கான கல்லைத்தான். கடையில் வெள்ளை, சாம்பல், மார்பிள் கோடு போட்டது என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். "குவார்ட்ஸ் டாப் போடுங்க, கறை பிடிக்காது, பல வருஷம் தாங்கும்" என்பார் விற்பனையாளர்.

அந்த வகைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். அதன்மேல் காய் நறுக்குபவர்களுக்கு ஏதோ வந்துவிடும் என்பதற்காகத் தடை போடவில்லை. அந்தக் கல்லை வெட்டி, தேய்த்து, மெருகேற்றிய ஊழியர்களில் பலர் முப்பது, நாற்பது வயதிலேயே மூச்சுவிட முடியாமல் திணறினார்கள். அதனால்தான் தடை.

அவர்களுடைய நுரையீரலில் போய்ச் சேர்ந்த பொருளின் பெயர் சிலிக்கா. சிங்கப்பூரில் சுவரை உடைப்பவர், தரை ஓடு வெட்டுபவர், சுரங்கம் தோண்டுபவர், மணல் மூட்டை பிரிப்பவர் என்று பலர் தினமும் அதோடுதான் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் அப்பாவாகவோ, மாமாவாகவோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அண்ணனாகவோ இருக்கலாம். அதனால் இது உங்களுக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயம்.

சிலிக்கா என்றால் என்ன?

சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்தான் சிலிக்கா. வேதியியல் பாடத்தில் இதைச் சிலிக்கன் டை ஆக்சைடு என்று படித்திருப்பீர்கள். பூமியின் மேற்பரப்பில் இது இல்லாத இடமே இல்லை எனலாம். மணல், பாறை, களிமண் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதன் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்திருந்தால் அது படிகச் சிலிக்கா. அதில் மிகப் பரவலான வகைதான் குவார்ட்ஸ்.

தொழில்துறையில் பயன்படும் சிலிக்கா மணல், கழுவி, சலித்து, அளவு பிரித்த குவார்ட்ஸ் மணல். கண்ணாடி தயாரிக்க அதுதான் மூலப்பொருள். உலோகம் வார்க்கும் அச்சு செய்ய வேண்டும். நீச்சல் குளத்து வடிகட்டியில் வேண்டும். நீங்கள் ஃபுட்சால் ஆடும் செயற்கைப் புல்தரையில் புல் நிமிர்ந்து நிற்க அடியில் தூவுவதும் பெரும்பாலும் இந்த மணலைத்தான். ஓடு ஒட்டும் பசை, கான்கிரீட், சிமெண்ட் பூச்சு எதை எடுத்தாலும் அதில் மணல் உண்டு.

அப்படியானால் கடற்கரைக்குப் போகக்கூடாதா?

தாராளமாகப் போங்கள். ஆபத்தை முடிவு செய்வது மணல் துகளின் அளவு.

கடற்கரை மணலின் ஒரு துகள் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும். அது மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது. கனமானது, கீழே விழுந்துவிடும். மூக்குக்குள் போனாலும் தும்மலில் வெளியே வந்துவிடும்.

அதே துகளை மின்சாரக் கத்தியால் வெட்டினால், துளைத்தால், அரைத்தால் அது பல்லாயிரம் நுண்துகள்களாக உடைகிறது. நுரையீரலின் அடி ஆழம்வரை போகக்கூடியவை பெரும்பாலும் 5 மைக்ரோமீட்டருக்கும் குறைவானவை. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். தூசு மேகமாக எழும்போது உங்கள் கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள்கள்தான். ஆபத்தானவை கண்ணுக்கே தெரியாது.

அவை சீக்கிரம் கீழே இறங்குவதும் இல்லை. காற்று அசையாத அறையில், ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் ஓர் ஆளின் உயரத்திலிருந்து தரைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். "தூசு அடங்கிடுச்சு, மாஸ்க்கைக் கழட்டலாம்" என்று சொல்லும்போது உண்மையில் அடங்கியிருப்பது கண்ணுக்குத் தெரிந்த தூசு மட்டுமே.

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

நம் நுரையீரலின் முடிவில் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் சில அணுக்கள், உள்ளே வரும் கிருமியையும் தூசையும் விழுங்கி அப்புறப்படுத்தும். சிலிக்காத் துகளையும் அவை அப்படித்தான் விழுங்குகின்றன. ஆனால் அதைச் செரிக்க முடியாது. விழுங்கிய அணு சிதைந்து இறக்கிறது. உள்ளே இருந்த துகள் மறுபடி வெளியே வருகிறது. இன்னோர் அணு வந்து அதே துகளை விழுங்குகிறது. அதுவும் இறக்கிறது.

இது ஓயாமல் நடக்கும்போது அந்த இடம் அழற்சி கண்டு தழும்பாகிறது. கையில் ஆழமான வெட்டு ஆறினால் தோல் தடித்துப்போகிறது இல்லையா? அதுபோல நுரையீரலில் கணுக்கணுவாகத் தழும்புகள் உண்டாகின்றன. தழும்பு விழுந்த இடம் விரியாது, சுருங்காது, ஆக்சிஜனையும் ரத்தத்துக்குள் விடாது. இதுதான் சிலிக்கோசிஸ்.

மருத்துவர்கள் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வகை நாள்பட்டது. குறைந்த அளவு தூசை 10 ஆண்டுக்கு மேல் சுவாசித்தவர்களுக்கு வரும்.

இரண்டாவது வகை வேகமானது. தூசு அதிகமாக இருந்தால் 5 முதல் 10 ஆண்டுக்குள் வந்துவிடும்.

மூன்றாவது வகை தீவிரமானது. மிக அதிகத் தூசில் வேலை செய்தவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே வரலாம். உயிரைப் பறிக்கக்கூடியது.

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம், ஏனென்றால் துகள் உள்ளேயே இருக்கிறது. முற்றிப்போனால் மிஞ்சும் வழி நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைதான்.

சிலிக்கோசிஸோடு முடிவதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வேலையிடத்தில் சுவாசிக்கும் படிகச் சிலிக்காவை 1997ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருப்பது அதே பிரிவில்தான். நாட்பட்ட மூச்சடைப்பு நோய், சிறுநீரகப் பாதிப்பு, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் சில நோய்கள் ஆகியவற்றோடும் சிலிக்காவுக்குத் தொடர்பு உண்டு.

காசநோயைத் தனியாகச் சொல்லவேண்டும். சிலிக்கா பாதித்த நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றிக்கொள்ளும். காசநோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து தூசில் வேலை செய்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை. இருமல் நிற்கவில்லை என்றால் "ஏசி ஒத்துக்கல" என்று விட்டுவிடக்கூடாது.

எவ்வளவு தூசு அதிகம்?

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலையிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்காதான் உச்சவரம்பு. அமெரிக்கா இந்த வரம்பை 2016இல் கொண்டுவந்தது.

50 மைக்ரோகிராம் எவ்வளவு என்று கைவசம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உடலுழைப்பு வேலை செய்பவர் ஒரு ஷிஃப்டில் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிப்பார். வரம்பை எட்டிய காற்று என்றால் அவர் உள்ளிழுப்பது 500 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். ஒரே ஒரு சீனித் துணுக்கின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு நாள் முழுதும் அதற்குமேல் போகக்கூடாது. இப்போது, தண்ணீர் விடாமல் கல் வெட்டும் இடத்தில் ஊழியரின் புருவம் வெள்ளையாக இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இது புது நோயா?

ரொம்பப் பழையது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, தொழிலாளர்களின் நோய்கள் பற்றி 1700ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கல் தச்சர்களின் நுரையீரல் பாதிப்பையும் எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் 1930இல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். அந்தப் பாறையில் சிலிக்கா மிக அதிகம். தண்ணீர் விடாமல் துளைத்தார்கள். முகக்கவசமும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பின ஊழியர்கள்.

துருக்கியில் இது ஜீன்ஸ் வழியாக வந்தது. புது ஜீன்ஸைப் பழசுபோல் வெளுக்க வைக்க, அழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். காற்றோட்டம் இல்லாத சின்னச் சின்னப் பட்டறைகளில் வேலை பார்த்த இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே சிலிக்கோசிஸ் நோயாளிகள் ஆனார்கள். 2009இல் துருக்கி அந்த முறையைத் தடை செய்தது.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு கதை உண்டு. புக்கிட் பாத்தோக்கில் புகைப்படம் எடுக்கப் போகிறோமே, லிட்டில் குவிலின், அது ஒரு காலத்தில் கருங்கல் குவாரி. புக்கிட் தீமாவின் ஹிண்ட்ஹீட் பூங்காவும் அப்படித்தான். புலாவ் உபினில் பச்சை நீரோடு அழகாகத் தெரியும் ஏரிகள், கல் வெட்டி எடுத்த பள்ளங்கள். ஜோகூர் பாலத்துக்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் உபின் கல் போயிருக்கிறது. அந்தக் குவாரிகளில் பாறையைத் துளைத்து, நொறுக்கிய ஊழியர்களிடையே சிலிக்கோசிஸ் இருந்ததை இங்குள்ள மருத்துவர்கள் ஆய்வு செய்து பதிவு செய்துள்ளனர். உபினின் கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது.

குவாரி போய்விட்டது, பிறகு நோய் எப்படி வருகிறது? இப்போது கல் வெளியிலிருந்து வருகிறது. அதை வெட்டுவது இங்கே, பட்டறைகளிலும் நம் வீடுகளிலும்.

குவார்ட்ஸ் மேடையில் என்ன பிரச்சினை?

கடையில் "குவார்ட்ஸ்" என்று விற்பது மலையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த கல் அன்று. குவார்ட்ஸ் பொடியையும் துண்டுகளையும் பிசினோடு கலந்து, அழுத்தி, பலகையாகச் செய்த செயற்கைக் கல். அதனால் அதில் சிலிக்கா மிக அதிகம்.

மார்பிளில் சிலிக்கா பொதுவாக 5 விழுக்காட்டுக்கும் குறைவு. கருங்கல்லில் ஏறக்குறைய 20 முதல் 45 விழுக்காடு. செயற்கைக் குவார்ட்ஸில் 90 விழுக்காட்டுக்கு மேலேயும் இருக்கலாம். ஆக, ஒரே கத்தி, ஒரே ஊழியர், ஒரே ஒரு மணி நேர வேலை. ஆனால் எழும் தூசில் இருக்கும் சிலிக்கா பல மடங்கு.

இஸ்ரேல், ஸ்பெயின் போன்ற நாடுகளில் முதலில் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் 2018இல் குவீன்ஸ்லாந்து மாநிலம் அபாய எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்தக் கல்லால் சிலிக்கோசிஸ் வந்த 52 ஊழியர்களைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களின் நடு வயது 45. 51 பேர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த குடியேறிகள். ஆய்வு முடிவதற்குள் 10 பேர் இறந்துவிட்டார்கள்.

ஹாக்ஸ் நெஸ்ட், துருக்கி, கலிஃபோர்னியா மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தூசில் நிற்பவர் பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். "வேண்டாம், இது ஆபத்து" என்று முதலாளியிடம் சொல்ல அவருக்குத் தயக்கம் அதிகம்.

பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி?

நல்ல செய்தி என்னவென்றால், சிலிக்கோசிஸ் முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய நோய். தூசு உள்ளே போகாவிட்டால் நோய் வராது. பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முகக்கவசம் அந்த வரிசையில் கடைசி.

1. முதலில், மாற்ற முடியுமா என்று பாருங்கள். உலோகத்தின் துருவை நீக்க மணலைப் பீய்ச்சி அடிப்பதற்குப் பதில் கார்னெட், உலோகக் குண்டுமணி போன்றவற்றைப் பயன்படுத்தலாம். வேறு பொருள் இருக்கும்போது சிலிக்கா மணல் எதற்கு?

2. தண்ணீர் விட்டு வெட்டுங்கள். கத்தி கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பெரும்பகுதித் தூசு எழும்பாமலே சேறாகிவிடும். பாட்டிலிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் ஊற்றுவது போதாது. அந்தச் சேற்றையும் ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிடவேண்டும். காய்ந்தால் மறுபடி தூசுதான்.

3. தண்ணீர் விட முடியாத இடத்தில், தூசை உறிஞ்சும் குழாய் பொருத்திய கருவியைப் பயன்படுத்தவேண்டும். அந்த உறிஞ்சியில் ஹெப்பா வடிகட்டி இருக்கவேண்டும். வீட்டில் பயன்படுத்தும் சாதாரண உறிஞ்சி நுண்துகளைப் பின்பக்கமாக வெளியே விட்டுவிடும்.

4. துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அழுத்தக் காற்றால் ஊதாதீர்கள். வேலை முடிந்து சட்டையில் "புஸ்" என்று காற்றடித்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது சட்டையிலிருக்கும் தூசை நேராக உங்கள் மூக்குக்கே அனுப்புகிறது. ஈரத் துணி, ஈரத் துடைப்பான், ஹெப்பா உறிஞ்சி, இவை போதும்.

5. மணல் மூட்டையைப் பிரிக்கும்போது அவசரம் வேண்டாம். உயரத்திலிருந்து கொட்டாமல், வாயைத் தாழ்த்தி மெதுவாகச் சரியுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். காலிப் பையை மடித்து, அமுக்கிக் காற்றை வெளியேற்றும்போதுதான் நிறையத் தூசு பறக்கும். அதைச் செய்யாமல் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கிழிந்த மூட்டையை உடனே மூடுங்கள். மாவுபோல் அரைத்த சிலிக்கா என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் அது மூட்டையில் இருக்கும்போதே நுண்தூசு.

6. இதற்கெல்லாம் பிறகுதான் முகக்கவசம். துணிக் கவசமும் அறுவை சிகிச்சைக் கவசமும் இதற்கு உதவாது. குறைந்தது என்95 வேண்டும். அதுவும் முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால்தான் வேலை செய்யும். தாடி இருந்தால் இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகும். அதனால்தான் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று முறையாகச் சோதிக்கவேண்டும். தூசு மிக அதிகமான வேலைக்கு என்95ம் போதாது. வடிகட்டி பொருத்திய கனமான கவசமோ, காற்றை உள்ளே அனுப்பும் கவசமோ தேவைப்படும்.

7. வேலை உடையோடு வீட்டுக்கோ விடுதிக்கோ போகாதீர்கள். முடிந்தால் வேலையிடத்திலேயே குளித்து உடை மாற்றுங்கள். தூசு படிந்த உடையை உதறாமல், தனியாகத் துவையுங்கள். ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கும் இடத்தில் ஒருவருடைய சட்டைத் தூசு எல்லாருக்கும் பங்கு. தூசு இருக்கும் இடத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், சிகரெட் பிடிக்காதீர்கள். சிலிக்காவும் புகையும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இரண்டு பக்கமும் அடி.

வீட்டில் வேலை நடக்கிறதா?

நீங்கள் வீட்டுக்காரராக இருந்தாலும் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

கல்லைப் பட்டறையிலேயே முழு அளவுக்கு வெட்டி எடுத்து வருவீர்களா?

தொட்டி, குழாய் துளையை எங்கே போடுவீர்கள்?

வீட்டுக்குள் வெட்டவேண்டி வந்தால் தண்ணீர் அல்லது உறிஞ்சி வைத்திருக்கிறீர்களா?

உங்கள் ஊழியர்களுக்கு என்ன கவசம் கொடுத்திருக்கிறீர்கள்?

விலை பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது. ஆள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கிய பிறகு கேட்டால், பாவம், அவர் என்ன செய்வார்? கருவி கொடுக்கவேண்டியது அவருடைய முதலாளி.

வெட்டும் நேரத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் அங்கே இருக்கவேண்டாம். முடிந்தபின் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஏற்கெனவே குவார்ட்ஸ் மேடை போட்டுவிட்டீர்களா? பயப்படவேண்டாம். பொருத்திய பிறகு அது தூசு விடாது. காய் நறுக்கலாம், மாவு தேய்க்கலாம். பின்னாளில் அதை உடைக்கும்போதோ புதுத் துளை போடும்போதோ மட்டும் மேலே சொன்னதை நினைவில் வையுங்கள். இனிமேல்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால், துருப்பிடிக்காத எஃகு, மரம், லேமினேட், அக்ரிலிக் பலகை போன்றவற்றையும் பார்க்கலாம். போர்சலின் பலகையில் செயற்கைக் குவார்ட்ஸைவிடச் சிலிக்கா குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதையும் தண்ணீர் விட்டுத்தான் வெட்டவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியரைப் பாதுகாக்கும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. அபாயத்தை மதிப்பிடவேண்டும், கருவியும் கவசமும் தரவேண்டும், பயிற்சி தரவேண்டும். கவசத்துக்கான காசை ஊழியர் தன் கையிலிருந்து போடவேண்டியதில்லை. சிலிக்காத் தூசில் வேலை செய்பவர்களுக்கு, அதற்கென நியமிக்கப்பட்ட மருத்துவர் மூலம் உடற்பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் செய்ய விதிமுறைகள் உள்ளன.

சிலிக்கோசிஸ், மனிதவள அமைச்சிடம் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்று. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரவும் இடமுண்டு. வெளிநாட்டு ஊழியருக்கும் இது பொருந்தும். கோருவதற்குக் கால வரம்பு இருக்கிறது, ஆகவே நோய் உறுதியானால் தள்ளிப்போடக்கூடாது.

பாதுகாப்பில்லாத வேலையிடத்தைப் பார்த்தால், மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையும் அணுகலாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்கவேண்டும்?

தொடக்கத்தில் ஓர் அறிகுறியும் இருக்காது. இதுதான் இந்த நோயின் பெரிய சங்கடம். பிறகு வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், சோர்வு, எடை குறைதல் என்று ஒவ்வொன்றாக வரும். வயதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை, எத்தனை வருஷம், எந்த மாதிரித் தூசு, ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிரானைட் பட்டறையிலோ கல்குவாரியிலோ வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர் என்றால் அந்த ஆண்டுகளும் கணக்கில் சேரும். ஆரம்ப நிலைப் பாதிப்பு சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். தேவைப்பட்டால் மருத்துவர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

சில சந்தேகங்கள்

காலணிப் பெட்டியில் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஆபத்தா?

அது படிகமல்லாத சிலிக்கா. குவார்ட்ஸ் தூசைப்போல் சிலிக்கோசிஸ் உண்டாக்குவதாகக் கருதப்படுவதில்லை. சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் தொண்டையில் சிக்கலாம், அதனால் எட்டாமல் வையுங்கள்.

சிலிக்கோனும் சிலிக்காவும் ஒன்றா?

இல்லை. கைப்பேசி உறை, கேக் அச்சு செய்யும் சிலிக்கோன் ரப்பர் போன்ற வேறொரு பொருள்.

ஃபுட்சால் தரை மணலால் விளையாடுபவர்களுக்கு ஆபத்தா?

அந்த மணல் துகள்கள் பெரியவை. மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்பும் ஊழியர்தான் கவனமாக இருக்கவேண்டும்.

ஒரு நாள் சுவர் உடைக்கும் தூசைச் சுவாசித்துவிட்டேன், சிலிக்கோசிஸ் வருமா?

ஒரு நாள் தூசால் வருவது அரிது. திரும்பத் திரும்ப, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுவாசிப்பதுதான் பிரச்சினை.

இரண்டு மொழி தெரிந்த உங்களுக்கு ஒரு வேலை

சிலிக்கா மணல் மூட்டையிலும் கல் பசைப் பையிலும் சிவப்புச் சாய்சதுரக் கட்டம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதற்குள் ஒரு மனித உருவம், நெஞ்சில் வெடித்த நட்சத்திரம்போல் ஒரு குறி. உடலுக்குள் நீண்டகாலப் பாதிப்பு உண்டாக்கும் பொருள் என்று அர்த்தம். அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். பொருளோடு வரவேண்டிய பாதுகாப்புத் தகவல் ஏடும் அப்படித்தான், பல பக்கங்களுக்கு நீளும்.

அதைத் தினமும் தூக்கிச் சுமப்பவருக்கு அதைப் படிக்க முடியாமல் இருக்கலாம். உங்களால் முடியும். அடுத்த முறை அப்பாவோ சித்தப்பாவோ வேலை முடிந்து வரும்போது ஒரு மூட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாட்ஸ்அப் குரல் பதிவாகச் சொல்லுங்கள். "உங்க சைட்ல தண்ணி விட்டு வெட்றாங்களா? கடைசியா எக்ஸ்ரே எப்ப எடுத்தீங்க?" என்று கேளுங்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றுதான் முதலில் பதில் வரும். மறுபடியும் கேளுங்கள்.